கொடுவா மீனுக்கு நான் கொடுத்த நூல்

ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத என் தம்பி செல்வாவுக்கு,

நாலு நாளாக என்னாலும் உட்கார முடியவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் கத்தரி கேட்டால் பஞ்சை நீட்டுகிறேன். பதினாறு வருஷ நர்ஸ், நேற்று சேர்ந்த பெண் மாதிரி திட்டு வாங்குகிறேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

மங்களூரிலிருந்து கிருஷ்ணப்பா ஒரு பார்சல் அனுப்பியிருந்தார். நேத்ராவதி முகத்துவாரத்தில் உனக்குப் படகு ஓட்டினவரேதான். ஊறுகாய் பாட்டிலுக்குள் ஆறு கருவிகள். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை முடிந்து வந்து, நீலசந்திராவில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பி ஒட்டுவாயே, கொடுவா மீன் முதுகில் தைத்துவிட்டால் அது போகிற இடத்தைச் சத்தம் கொடுத்துக் காட்டுகிற சின்னக் குழல்கள், அவைதான். பழைய பாலத்துத் தூணடியில் சிப்பி எடுக்கிறவர்கள் சேற்றில் கண்டெடுத்தார்களாம்.

கையில் எடுத்துப் பார்த்தேன். தையல் துளைகளில் ஓர் இழை நூல்கூட இல்லை.

எந்த நூலால் தைக்கலாம் என்று நீ கேட்டபோது நான் என்ன சொன்னேன்? "கரையிற நூலே போடுடா, மீனுக்கு யாரு வந்து தையல் பிரிப்பா?" என்று சிரித்தேன். மருந்துக் கடையில் வாங்கிக் கொடுத்ததும் நான்தான். நோயாளிக்கு எது சுகம் என்றுதான் என் புத்தி போகும். நூல் கரைந்தால் கருவியும் விழுமே என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா?

தூணில் உரசி மீன்கள் அவற்றை உதிர்த்திருக்கும். பிறகு எங்கே போயினவோ! குழல்கள் மட்டும் சேற்றில் கிடந்து சத்தம் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. படகிலிருந்து அதைக் கேட்ட நீ, மழைக்காலம் முழுக்கக் கொடுவா அங்கேதான் தங்குகிறது என்று அறிக்கை எழுதினாய். உன்னை நம்பி, மீன் பெருகட்டும் என்று கிருஷ்ணப்பாவின் ஆட்கள் இரண்டு மழைக்காலமாக அந்தப் பக்கம் வலை போடவில்லை. அந்த அறிக்கை அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது, முதல் பக்கத்தில் உன் பேரோடு.

கிருஷ்ணப்பாவுக்குப் போன் போட்டேன். "அப்போ அந்த மீனெல்லாம் எங்கே போச்சு அக்கா?" என்று கன்னடத்தில் கேட்டார். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். "அவன் பேரு அச்சுல வர்றத பாக்கத்தான்டி உயிர வெச்சிருக்கேன். செத்தவன் மேல தப்பு சொல்லப் போறியா?"

"அவன் மேல இல்லம்மா, என் மேல."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. ஓசூர் ரோட்டில் உன் பைக் சாயாமல் இருந்திருந்தால், பாட்டிலைப் பார்த்ததும் நீயே முதல் பஸ் பிடித்திருப்பாய். என்னை இப்படித் தவிக்க விட்டுவிட்டுப் போய்விட்டாயேடா!

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அச்சிடுகிறவர்களுக்கும், நிறுத்துங்கள் என்று கடிதம் போட்டாயிற்று. நாளைக் காலை மங்களூருக்கு பஸ். கிருஷ்ணப்பாவின் ஆட்களை உட்கார வைத்து, மீன் எங்கே போனது என்று எங்களுக்குத் தெரியாது, உங்களை இரண்டு வருஷம் வீணாகக் காக்க வைத்தவள் நான் என்று சொல்வேன். மறுபடி படகு தந்தார்களானால் ஒவ்வொரு மீனுக்கும் நைலான் நூலால் என் கையாலேயே தைப்பேன். திட்டி அனுப்பினால் திட்டு வாங்கிக்கொண்டு வருவேன். ஆனால் சொல்லாமல் திரும்ப மாட்டேன், செல்வா. இது சத்தியம்.

உன் பேருக்கு முன்னால் தன் தப்பைச் சொல்லப் போகிற,
உன் அக்கா ஸ்டெல்லா