ஆல்டர்பெக்கில் அரசியைத் திருப்பிய கதை

ஆல்டர்பெக், யார்க்‌ஷயர்
9 பிப்ரவரி 1981

அன்பு மருமகள் பெவர்லிக்கு,

உன் தாய்மாமன் சைலஸ் ஹெப்பிள்வைட், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், கட்சியின் ஆல்டர்பெக் கிளைக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக அசைக்க முடியாத தலைவன் (அசைக்க யாருக்கும் நேரமில்லை), ஒரு கையைச் செங்கொடியிலும் மறு கையைத் தேநீர்க் கெண்டியிலும் வைத்துச் சத்தியம் செய்து எழுதுவது. இனி நீ படிக்கப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நீயும் நம்பாதே. நம்பினால் உன் அம்மாவின் வளர்ப்பு சரியில்லை என்று ஆகிவிடும்.

வியாழக்கிழமை கூட்டுறவு மண்டபத்தில் கிளைக் கூட்டம். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம்! கூரை இரண்டடி மேலே எழும்பித்தான் மூச்சுவிட்டது. பிரச்சினை, நம் எம்.பி.யை அடுத்த தேர்தலிலும் நிறுத்துவதா, வீட்டுக்கு அனுப்புவதா. தொழிற்கல்லூரி வாத்தியார் நைஜல் எழுந்தான். "தோழர்களே, இந்த ஆளு லண்டன்ல முதலாளிங்களோட உக்காந்து மீன் திங்கிறான்!" கவுன்சிலர் ஹரால்ட் பெஞ்சைத் தட்டினார். "நீ மட்டும் என்ன, இலையா திங்கிற?" அவ்வளவுதான், பிளந்தது மண்டபம். தேநீர் போடும் எட்னாவின் பெரிய கெண்டி கட்சிக்குள் ஹரால்டின் வலது அணி கை ஓங்கியிருந்த காலத்தில் வாங்கியதாம். நைஜலின் இடது அணியினர் அதில் குடிக்கமாட்டோம் என்று தனிக் கெண்டி கொண்டுவந்தார்கள். பால் இந்தப் பக்கம், சர்க்கரை அந்தப் பக்கம். இரண்டும் இரவு முழுக்கச் சந்திக்கவே இல்லை.

பிறகு தீர்மானம். சந்தைச் சதுக்கத்தில் இருக்கும் அரசி சிலை நூறு வருஷமாக வலது பக்கமே பார்ப்பதால், அதை இடது பக்கம் திருப்ப வேண்டும்! முப்பது குதிரைகள் பூட்டி இழுத்தோம். அரசியம்மாவும், கழுத்து வலிக்கிறது, நல்லதாகப் போயிற்று என்று ஒப்புக்கொண்டார். எம்.பி. பால் வண்டிக்குள் ஒளிந்து தப்பினார். மறுநாள் காலையில் மூன்று தெருவுக்கு வெண்ணெய்தான் கிடைத்தது, அவ்வளவு நடுக்கம்.

எல்லாம் முடிந்து கிளையின் பழைய வழக்கப்படி அன்று அதிகம் கத்திய இருவரை நாற்காலி அடுக்கச் சொன்னேன். ஹரால்டும் நைஜலும் அடுக்கினார்கள். "பிடிங்க பெரியவரே, முதுகு பிடிச்சிக்கப்போவுது" என்று நைஜல் மேல் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டான்.

லண்டனில் உன் அறைச் சுவர் இன்னும் ஈரம் காக்கிறதா? சாப்பாட்டை விட்டுவிட்டு வேலை பார்க்காதே.

சிரித்துக்கொண்டே,
சைலஸ் மாமா

*

லண்டன்
15 பிப்ரவரி 1981

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தது தப்பு. சிரித்த சிரிப்பில் மேசையெல்லாம் தேநீர். பக்கத்து மேசைக்காரர்கள் "எங்களுக்கும் சொல்லேன்" என்றார்கள். எழுந்து நின்று வாசித்தேன், உங்கள் குரலிலேயே. பத்திரிகை ஆசிரியர்கூட வந்து கதவோரம் நின்று கேட்டார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "எந்த ஊரு?" என்று மட்டும் கேட்டார்.

மார்னிங் பெல்லில் நான் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. இன்னும் நாய்க் கண்காட்சியும் புட்டிங் செய்முறையும்தான் எழுதுகிறேன். முதல் பக்கத்தில் என் பெயரை ஒருநாள் பார்த்துவிட்டால் போதும், மாமா. அப்புறம் நாய்களையும் மன்னித்துவிடுவேன்.

சுவர் ஈரம்தான். போர்வையை நகர்த்திப் போட்டுப் படுக்கிறேன். இன்னும் எழுதுங்கள். அந்த நைஜலின் முழுப்பெயர் என்ன?

உங்கள் செல்ல,
பெவர்லி

*

ஆல்டர்பெக்
27 பிப்ரவரி 1981

மார்னிங் பெல் பத்திரிகையின் முதல் பக்க மகாராணி அவர்களுக்கு,

வாழ்த்துகள். பெயரைப் பார்த்தேன். ஊரே பார்த்தது. பால்காரர் பார்த்துவிட்டு, "என் வண்டியில எவன்யா ஒளிஞ்சான்?" என்று என் வாசலில் அரைமணி நேரம் நின்றார்.

"அரசியைத் திருப்பிய சிவப்பு வெறியர்கள்." "பாலுக்கும் சர்க்கரைக்கும் தனிப் பக்கம்." அடிப் பாவி! ஆல்டர்பெக்கில் அரசி சிலையே கிடையாது என்பது மூன்று வயதில் அந்தச் சதுக்கச் சிலைமேல் ஏறி விளையாடிய உனக்குத் தெரியாதா? சதுக்கத்தில் இருப்பது கம்பளி வியாபாரிகள் வைத்த செம்மறிக் கடாச் சிலை. உங்கள் புகைப்படக்காரன் வந்து தேடித் தேடிப் பார்த்துவிட்டு, கடாவைப் பின்பக்கமாகப் பனிமூட்டத்தில் படம் பிடித்து, "அரசி, அவமதிக்கப்படுவதற்கு முன்" என்று போட்டிருக்கிறான். அரசாங்கம் சும்மா இருந்தாலும் கடா சும்மா இருக்காது.

நேற்று அவசரக் கூட்டம். ஹரால்ட் எழுந்ததும் பத்திரிகையை உதறினார்.

"டேய் நைஜல், இதப் பேப்பர்காரனுக்கு ஊதினது நீதானே? கட்சியக் கெடுத்து நீ பிடிக்கணும், அதானே?"

"நானா? அந்தப் பேப்பர நான் மீன் மடிக்கக்கூட வாங்கமாட்டேன். நீங்கதான் எங்களப் பைத்தியம்னு காட்டச் சொல்லிக் கொடுத்தீங்க!"

"மீனே வேணாம்னு சொல்லிரும்யா, அதுல மடிச்சா" என்றாள் எட்னா. ஒருவரும் சிரிக்கவில்லை. மருமகளே, அந்த மண்டபத்தில் எட்னா சொல்லி ஒருவரும் சிரிக்காதது அதுவே முதல் தடவை.

இவர் அவனை விலக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். அவன் இவரை விலக்கத் தீர்மானம் கொண்டுவந்தான். ஒருவர் கழுத்தில் ஒருவர் கத்தி வைப்பதைப் பார்த்துக்கொண்டு தலைவன் நாற்காலியில் உட்கார முடியுமா? எழுந்தேன். "எழுதினது நான்தான். எம் மருமகளுக்கு விளையாட்டா எழுதினேன்" என்றேன்.

அன்று நாற்காலிகளை யாரும் அடுக்கவில்லை. எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அத்தனையையும் நானும் எட்னாவும் அடுக்கினோம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் எழுதிய அத்தனை பொய்யையும் ஒரு பருக்கை சிந்தாமல் அச்சிட்டாயே, அதில் இருந்த ஒரே நிஜத்தை, அவர்கள் இருவரும் சேர்ந்து நாற்காலி அடுக்கியதை, எங்கே கொண்டுபோய்ப் புதைத்தாய்?

சைலஸ் ஹெப்பிள்வைட்

*

லண்டன்
4 மார்ச் 1981

மாமாவுக்கு,

ஊர் உலகமே வாழ்த்தியது. திட்டியது நீங்கள் மட்டும்.

நான் எழுதிக் கொடுத்தது கடைசிப் பக்கத்துக்கு ஒரு வேடிக்கைப் பத்தி. "விளையாட்டாகச் சொல்கிறார்கள்" என்று மூன்று இடத்தில் போட்டிருந்தேன். ஆசிரியர் மூன்றையும் வெட்டிவிட்டு முதல் பக்கத்துக்கு ஏற்றினார். நாற்காலியையும் எழுதியிருந்தேன். "சண்டை போட்டவன் சேர்ந்து நாற்காலி அடுக்கினா அது எப்படிம்மா செய்தி?" என்று அதன்மேல் கோடு போட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. நான்கு வருஷ நாய்க் கண்காட்சிக்குப் பிறகு நீங்கள் திறந்திருப்பீர்களா?

இதையும் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்த ஆலையும் மூடி, வேலை தேடுகிறவர்களின் வரிசை உங்கள் தெருமுனையைத் தாண்டிப் போகிறது. அம்மாதான் எழுதினாள். நீங்கள் உள்ளே உட்கார்ந்து யாரை யார் விலக்குவது என்று கை தூக்குகிறீர்கள். அதை நான் இட்டுக்கட்டவில்லை, என் ஆசிரியரும் இட்டுக்கட்டவில்லை. எங்கள் பத்திரிகை உங்களை அடிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். தடியை எடுத்துக் கொடுப்பது நீங்கள்தான்.

பெவர்லி

*

ஆல்டர்பெக்
13 மார்ச் 1981

பெவர்லி,

வரிசையைப் பற்றி நீ எழுதியது நன்றாக வலித்தது. இரண்டு நாள் கோபத்தில் கடாவைச் சுற்றி நடந்தேன். மூன்றாம் நாள், சொன்னது சரிதானே என்று பட்டது. அதனால் மேலும் கோபம் வந்தது.

இப்போது கேள். ஹரால்டும் நைஜலும் ஏழு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு காகிதத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். உன் மாமனைக் கட்சியைவிட்டு விலக்க. பகைப் பத்திரிகைக்குப் பொய்ச் செய்தி கொடுத்து இயக்கத்தை இழிவுபடுத்தினேனாம். அடேயப்பா! இரண்டு அணியையும் ஒற்றுமைப்படுத்தத் தலைமை வருஷக்கணக்கில் தவித்தது, நான் ஒரே கடிதத்தில் செய்துவிட்டேன். எனக்குச் சிலை வைக்க வேண்டும், கடாவுக்குப் பக்கத்தில்.

விசாரணை மார்ச் 26, வியாழன் மாலை. நைஜலை வழியில் பிடித்துக் கேட்டேன், "ஏம்ப்பா, என்னையாடா விலக்குறீங்க?" கண்ணைப் பார்க்காமல் சொன்னான், "நீங்க பத்திரிகைக்குக் கொடுக்கலன்னு யாராவது வந்து சொல்லட்டும் தோழர். சாட்சி இல்லாம உங்கள விட்டா, விட்டுட்டாங்கன்னு நாளைக்கு அதையே பேப்பர்ல தலைப்பாப் போடுவாங்க."

சாட்சி ஒருவர் அனுமதியாம். பதினெட்டு வயதில் சேர்ந்த கட்சி, மருமகளே. கல்யாணம் அதற்கப்புறம்தான், அதுவும் கட்சி ஊர்வலத்தில் பார்த்த பெண். என் கதையை விளையாட்டு என்று தெரிந்தே அச்சேற்றியது பத்திரிகைதான் என்று நீ வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொன்னால் உன் வேலை என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

மாமா

*

லண்டன்
20 மார்ச் 1981

அன்புள்ள மாமா,

அவசரமாக எழுதுகிறேன். வருகிறேன். வியாழன் மத்தியான ரயில். வந்து உள்ளதைச் சொல்கிறேன், வேலை போனால் போகட்டும். உங்கள் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

விசாரணையைப் பற்றி ஆசிரியர் எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறார். உங்களை லண்டனுக்கு வரவழைத்து, படம் எடுத்து, "கட்சி துரத்தும் பெரியவர்" என்று நல்லவிதமாகப் போடலாம் என்கிறார். வேண்டாம் என்பீர்கள் என்று தெரியும். சொல்லச் சொன்னார், சொன்னேன்.

பெவர்லி

*

ஆல்டர்பெக்
28 மார்ச் 1981

பெவர்லிக்கு,

மறுபடியும் ஒரு நம்பமுடியாத கதை. சத்தியம் செய்யக் கொடி இல்லை, திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கெண்டிமேல் மட்டும் கை வைத்துச் சொல்கிறேன்.

வியாழன் மாலை மண்டபத்தில் எள் போட இடமில்லை. நாடக மன்றத்திலிருந்து தலை வெட்டும் இயந்திரத்தை இரவல் வாங்கி மேடையில் நிறுத்தியிருந்தார்கள். ஹரால்ட் குதிரைவால் முடியில் நீதிபதித் தொப்பி செய்து மாட்டியிருந்தார். நைஜல் குற்றப் பத்திரிகையை விரித்தான், அது படியிறங்கி, தெருவைக் கடந்து, வேலை தேடுகிறவர்களின் வரிசையில் போய்க் கடைசி ஆளாக நின்றது.

"சாட்சி உண்டா?" என்றார் ஹரால்ட்.

"வருவா" என்றேன்.

காத்திருந்தார்கள். காத்திருந்ததில் நைஜலுக்குத் தாடி நரைத்தது. என் பக்கத்து நாற்காலிக்கு வேர் விட்டது, இலை விட்டது, ஒரு குருவி கூடு கட்டி மூன்று குஞ்சு பொரித்தது. கடைசி ரயிலும் வந்து போகிற சத்தம் கேட்டது.

"வரமாட்டாய்யா அவ" என்றாள் எட்னா மெதுவாக. "தேத்தண்ணி ஆறுது, குடி."

கைகள் உயர்ந்தன. இடது கை, வலது கை, அத்தனையும். கிளையின் வரலாற்றில் ஒரே ஒருமனதான தீர்மானம். முடிந்ததும் ஹரால்டும் நைஜலும் பழைய வழக்கப்படி நாற்காலி அடுக்க எழுந்தார்கள். நானும் ஒன்றைத் தூக்கினேன். "விடுங்க சைலஸ், இது உறுப்பினருங்க வேலை" என்றார் ஹரால்ட். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தோழர் என்று சொல்லவில்லை.

நேற்றுக் காலை உன் பத்திரிகை வந்தது. "தன் கிழவனையே தின்ற கட்சி." கீழே உன் பெயர். அதன் கீழே, "எமது நிருபர் நேரில் கண்டது."

எந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்டாய், பெவர்லி?

வாசலில் உன் ஆட்கள் இன்னும் நிற்கிறார்கள். ஒருவன் தபால் துளை வழியாகக் கூப்பிடுகிறான், "தாத்தா, அவங்களப் பத்தி ரெண்டு வார்த்தை கெட்டதா சொல்லுங்க!" அவர்களைப் பற்றி என்னிடம் இரண்டாயிரம் கெட்ட வார்த்தை இருக்கிறது. அவ்வளவும் அவர்களிடம் நேரில் சொல்வதற்கு வைத்திருப்பவை. உன் பத்திரிகைக்கு ஒன்றுகூடக் கிடையாது.

ரயில் தவறிவிட்டது, காய்ச்சல், ஆசிரியர் விடவில்லை என்று நீ எழுதுவாய். நன்றாக எழுதுவாய், என் ரத்தம்தானே. எழுதாதே. உன் அம்மாவுக்கு எழுது. எனக்கு இனிக் கதை எழுத வராது. விளையாட்டு என்று தெரிந்த ஒருத்திக்குத்தான் அதை எழுத முடியும்.

இந்தக் கடிதத்தில் தலை வெட்டும் இயந்திரம் பொய். தொப்பி பொய். குருவி பொய். விலக்கியது மட்டும் உண்மைதானே என்பாய். அது உங்கள் பத்திரிகையில் வந்துவிட்டது, அப்புறம் எப்படி உண்மையாகும்?

ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். உனக்காக என் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தேன். மற்றதையெல்லாம் அவர்கள் அடுக்கினார்கள். அதை மட்டும் ஹரால்ட் தொடவில்லை, நைஜலும் தொடவில்லை. எல்லோரும் போன பிறகு நான்தான் அடுக்கினேன்.

சைலஸ் ஹெப்பிள்வைட்