நான்கு பேருக்கும் ஒரே அப்பா

வியாழன்.

நான் கோமதியைத் திட்டி அழவைத்தேனாம். கடலூர் கோச்சிங் சென்டர்காரர் சொல்லித் திரிகிறார். பொய். கான்வென்ட்டில் படித்தவள் என்று மாதிரி இன்டர்வியூவுக்கு அவர்தான் என்னை அழைத்தார். வந்த நான்கு பேரும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி, "என் அப்பா பள்ளி ஆசிரியர்" என்றார்கள். கடைசியாக வந்த கோமதியிடம், "நிஜமாகவா?" என்று மட்டும் கேட்டேன்.

"இல்லீங்க மேடம், பெண்ணாடத்துல கரும்பு வெட்டுறாரு. சார் குடுத்த பேப்பர்ல அப்படித்தான் இருக்கு. ஒரு வார்த்தை மாத்தக் கூடாதுன்னாரு." அப்புறம்தான் அழுதாள்.

திங்களன்று சிதம்பரத்தில் அவளுக்கு நிஜ இன்டர்வியூ. அங்கேயும் இதே பொய்யைச் சொல்லி மாட்டிக்கொள்வாள். நான் ஆங்கிலத்தில் எது கேட்டாலும் சென்டர்காரர் தமிழில்தான் மழுப்புகிறார். அந்தப் பேப்பரைத் தாண்டி அவருக்கே ஆங்கிலம் வருமா என்று சந்தேகம்.

காலையில் அவருக்கு அனுப்ப: கோமதி தன் அப்பாவைப் பற்றி உண்மையைச் சொல்லலாமா, கூடாதா? சனிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் தரவும். ஆங்கிலத்தில்.