சடையன் வீடு எங்கே

திருவண்ணாமலை
மார்ச் 9, ஞாயிறு

அன்பு மகள் எழிலரசிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தைத் தினமும் போனில் கேட்டுவிடுவதால் இங்கே மறுபடி கேட்கவில்லை. போனில் பேச முடியாத ஒரு விஷயம் இருக்கிறது. உன் வழிகாட்டிப் பேராசிரியர் பேரை எடுத்தாலே, "அப்பா, வேற பேசுங்க" என்கிறாய். உன் அறைத்தோழி சிந்துஜாவும் அவரிடமே ஆராய்ச்சி செய்கிற பெண், பக்கத்திலேயே இருக்கிறாள். ஆகவே கடிதம். பத்தாம் வகுப்பை இரண்டு தரம் எழுதித் தேறியவன், முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற பெண்ணுக்கு எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்தி வைத்துக்கொள். மதிப்பெண் போட வேண்டாம்.

நாலு நாளாக நான் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறேன். நல்ல மனுஷர்கள் படுகிற சந்தோஷம் இல்லை இது. வேண்டாதவன் ஒருவன் தானாக வந்து வசமாக மாட்டிக்கொண்டால் வருமே, அந்தச் சந்தோஷம். "ஏங்க, தனியா சிரிக்கிறீங்க, டாக்டர்கிட்ட போலாமா?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உன் சீனியர் இனியாவும் இதைப் படிக்கட்டும். அவர்தானே போன வருஷம் இதே பேராசிரியர் மேல் புகார் கொடுத்து, வழிகாட்டியை மாற்றிக்கொண்டு வெளியே வந்தவர். அவருக்காக, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

புதன்கிழமை மத்தியானம் லாட்ஜில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நம் ஊர்ப் புத்தகத் திருவிழாவுக்குப் பேச வருகிறவர்களுக்கு எங்கள் லாட்ஜில்தான் ரூம் போட்டிருந்தார்கள். கார் வந்தது. வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி. பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். பேர், முனைவர் அறிவுச்செல்வன். ஊர், சென்னை. தொழில், பேராசிரியர்.

எழிலு, உன் வழிகாட்டியேதான். பொங்கலுக்கு வந்து பத்து நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாயே, அதற்குக் காரணமான ஆள் என் முன்னால் நின்று "சுடுதண்ணி வருமா?" என்று கேட்கிறார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. சாவி கொடுக்கிற ஆள், அவ்வளவுதான். "வரும் சார்" என்று சொல்லி ஏழாம் நம்பர் ரூமைக் கொடுத்தேன். அங்கே ஹீட்டர் தனக்குத் தோன்றினால்தான் வேலை செய்யும். தண்ணீர் மோட்டாரும் அந்த ரூமுக்கு நேர் கீழே. இவ்வளவுதான் உன் அப்பனால் முடிந்த பழி என்று நினைத்து என்னைப் பார்த்து நானே வெட்கப்பட்டேன்.

எங்கள் பதிவேட்டில் கடைசிக் கட்டம் ஒன்று உண்டு. வந்த காரணம். அதை யாரும் நிரப்ப மாட்டார்கள். அவர்கள் மாடிக்குப் போனதும் நானே 'தரிசனம்' என்று எழுதிவிடுவேன். இருபத்திரண்டு வருஷமாக அண்ணாமலையாரை எட்டிக்கூடப் பார்க்காமல் போன எத்தனையோ பேருக்கு நான் தரிசனம் செய்து வைத்திருக்கிறேன். காலிக் கட்டத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. இந்த வியாதியால்தான் உனக்கு அந்தக் கெடுதல் செய்தேன்.

இனியாவுக்கு அது தெரியாது. நம் மாவட்டத்திலிருந்து சென்னைக் கல்லூரிகளுக்குப் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பிய பிள்ளைகளைப் பற்றித்தானே உன் ஆராய்ச்சி. அறுபது வீடு, அறுபது படிவம். நாற்பத்தொன்று முடித்த சமயம் உனக்கு மஞ்சள் காமாலை. மீதி பத்தொன்பதை நான் முடித்துத் தருகிறேன் என்று டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பதிமூன்று வீட்டில் ஒழுங்காகத்தான் கேட்டேன். கீழ்பென்னாத்தூரில் ஒரு பையன், ஒரு வருஷம் முழுக்க ஒரு வாத்தியார்கூடத் தன் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, அதான் வந்துட்டேன் என்றான். அதை அவன் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். அப்புறம் வெயில் ஜாஸ்தியானது. இரண்டு வீடு பூட்டு. ஒரு வீட்டில் நாய். இன்னொரு வீட்டுக்காரர், "எங்க புள்ள படிப்ப வுட்டுட்டு வந்தத ஊருக்கே தண்டோரா போடப் போறியா, போயா" என்று விரட்டினார். லாட்ஜுக்குத் திரும்பி வந்து, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, மீதி ஆறு படிவத்தையும் நானே நிரப்பினேன்.

ஆறு பேரை உண்டாக்கினேன் எழிலு. அடி அண்ணாமலைக்கு ஒரு சடையன். வயது ஐம்பத்திரண்டு, ஒரு ஏக்கரில் மல்லாட்டை பயிர், இரண்டு மாடு. சும்மா கொடுப்பதுதானே என்று ஒரு கிணறும் கொடுத்தேன். வேதியியல் படிக்கப் போய்த் திரும்பிய மகள் சரசு. பழக்கதோஷத்தில், சென்னைக்குப் போன காரணம் என்ற கட்டத்தில் 'தரிசனம்' என்று போட்டுவிட்டேன். அறுபதையும் கலெக்டர் ஆபீஸ் எதிரில் இருக்கிற கடையில் டைப் அடித்து, அங்கிருந்தே உன் பேராசிரியருக்கும் உனக்கும் மெயில் அனுப்ப வைத்தேன்.

நீ எழுந்து நடமாடியதும் சரிபார்க்கப் போனாய். அரை நாள் வெயிலில் அடி அண்ணாமலையில் சடையனைத் தேடினாய். வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்த்தாய், நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். ஒரு வாரம் நீ என்னோடு பேசவில்லை. ஆறு பொய்யையும் கிழித்துப் போட்டு, புதிதாக ஆறு வீடு நீயே போய், திருத்திய பிரதியை மறுபடி அவருக்கு அனுப்பினாய்.

அவர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறாயா? புதன் சாயங்காலம் என் சிநேகிதர் அன்வர் பாஷா பாயை அழைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். பாய் எந்த மேடையைப் பார்த்தாலும் போனில் வீடியோ எடுப்பார், உனக்குத் தெரியும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். டிசம்பரில் வந்த அவருடைய அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் பேச்சு. நீ தொடவே மாட்டேன் என்றாயே, அதேதான். அதை எழுதிவிட்டுத்தானே, உன் ஆய்வேடு என் நூலைப்போலவே இருக்கிறது, காப்பி என்று கம்ப்யூட்டர் பிடித்துவிடும், வேறு தலைப்பு எடு என்று உன்னிடம் சொன்னார். நாலு வருஷத்தை ஒரே பேச்சில் காலி செய்தார்.

மேடையில் சொன்னார்: "அடி அண்ணாமலையில சடையன்னு ஒரு விவசாயி. அவர் வீட்டு வாசல்ல உக்காந்து மோர் குடிச்சிக்கிட்டே கேட்டேன், பொண்ணு ஏன் படிப்ப வுட்டுட்டு வந்துட்டான்னு. அவர் சொன்னாரு..." இப்படிச் சொல்லிப் புத்தகத்தைத் திறந்து படித்தார். 'அவ போன் பண்ணி அழுதா. என்ன கேக்கணும்னு எனக்குத் தெரியல. சாப்ட்டியான்னு கேட்டேன். படிச்சவனா இருந்தா வேற ஏதாவது கேட்டிருப்பேன்.' படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட்டம் கை தட்டியது.

அது நான் எழுதியது. முதல் வருஷம் ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து நீ அழுதாயே, அன்றைக்கு எனக்கு நடந்தது. உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டதைச் சடையன் வாயில் போட்டு வைத்திருந்தேன். என் வாழ்நாளில் நான் எழுதினதுக்கு யாரும் கை தட்டியதில்லை. தட்டின அன்றைக்கு, வேறொருத்தர் எழுந்து கும்பிடு போடுகிறார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? மேடையேறி அந்த மைக்கைப் பிடுங்கி அவர் வாயிலேயே அடைக்கலாம் என்று. பாய் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். "காசி, கம்முனு இரு. அவன் இன்னும் ஜாஸ்தி பேசட்டும். பேசப் பேச நமக்கு லாபம்."

கூட்டம் முடிந்து புத்தகம் ஒன்று வாங்கி, கையெழுத்துக்கு வரிசையில் நின்றேன். பாய் பின்னால் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். "ஐயா, அடி அண்ணாமலையில எனக்கு நெறைய சொந்தக்காரங்க இருக்காங்க. சடையன் வீடு எந்தப் பக்கம்ங்க?" என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: "கோயிலுக்குப் பின்னாடி. ஆனா இப்ப போயி பிரயோஜனம் இல்லீங்க. போன வருஷம் தவறிட்டாரு, பாவம். நானே மால வாங்கிட்டு வந்து போட்டுட்டுப் போனேன்."

நான் உண்டாக்கின மனுஷனை அவர் சாகடித்துவிட்டார். ஒரு நிமிஷம் எனக்கு நிஜமாகவே துக்கமாகிவிட்டது. வெளியே வந்ததும் பாயும் நானும் டீக்கடை ஓரம் நின்று சிரித்த சிரிப்பில் பாய்க்கு இருமல் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து புத்தகத்தை வரிவரியாகப் படித்தேன், விரல் வைத்துத்தான். ஆறு பேரும் இருக்கிறார்கள், கிணறு உள்பட. நீ பிறகு போய்ப் பார்த்த ஆறு வீட்டில் ஒன்றுகூட இல்லை. முன்னுரையில், அறுபது வீட்டுக்கும் நானே நேரில் போனேன் என்று எழுதியிருக்கிறார். நூற்று நாற்பதாம் பக்கத்தைப் பார். 'தரிசனம்' என்று நான் கை தவறிப் போட்டதை எடுத்து, கிராமத்து மக்கள் மாநகரக் கல்லூரியை ஒரு தெய்வமாகவே காண்கிறார்கள் என்று இரண்டு பக்கம் விளக்கியிருக்கிறார். எனக்கே பக்தி வந்துவிட்டது.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சடையன் சொன்னதைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "இது நீங்க அன்னிக்குச் சொல்லி அழுதது இல்ல?" என்றாள். பெரிய இடம், நமக்கு எதுக்குங்க வம்பு என்று இத்தனை நாள் சொன்னவள், "அந்தாள வுடாதீங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை கோர்ட் எதிரில் நோட்டரி வக்கீல் ராமதாஸிடம் போனேன். ஆறு படிவத்தையும் நானே பொய்யாக நிரப்பினேன், அந்த ஆறு பேர் உலகத்திலேயே கிடையாது, என் மகள் அதைக் கண்டுபிடித்து நீக்கிவிட்டாள் என்று பத்திரத்தில் எழுதச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "யோவ் காசி, தப்பு பண்ணவன் மறைப்பான். நீ காச குடுத்து முத்திர போட்டு வாங்குற. யாராச்சும் மெரட்டுறாங்களா?" என்றார். இல்லைங்க, நான்தான் ஒருத்தரை மிரட்டப் போகிறேன் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தோடு அது இருக்கிறது. புத்தகமும் இருக்கிறது, அவர் கையெழுத்தோடு. வீடியோவைப் பாய் இனியாவின் போனுக்கு அனுப்பிவிட்டார். மெயில் போன தேதிகள் இரண்டும் உன்னிடம் இருக்கின்றன.

இருபத்தோராம் தேதி உன் ஆய்வுக்குழு கூடுகிறது என்றாய். அன்றைக்கு நீ புதுத் தலைப்போடு போய்த் தலை குனிந்து நிற்கக் கூடாது. இதை எல்லோர் முன்னாலும் மேஜையில் வை. உன் அப்பாவே ஏமாற்றுக்காரர்தானே என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல். தேவைப்பட்டால் நானே வந்து சொல்கிறேன், இருக்கிற நல்ல வேட்டியைக் கட்டிக்கொண்டு. பிறகு அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கும்படி குழுவிடம் சொல், சடையன் வீடு எங்கே என்று. நீ தேடின மாதிரி அவரும் தேடட்டும். கத்திரி வெயிலில், வீடு வீடாக, அந்தத் தங்க பிரேம் கண்ணாடியில் வேர்வை வழிய. ஒவ்வொரு வாசலிலும், அப்படி யாரும் இல்லீங்க, இல்லீங்க என்று சொல்லட்டும். மாலை போட்ட இடத்தையும் காட்டச் சொல்.

நியாயத்துக்காக, நாளைக்கு வருகிற பிள்ளைகளுக்காக என்றெல்லாம் எழுதலாம். இனியா வேண்டுமானால் அப்படி எழுதட்டும், அவர் படித்தவர். எனக்கு வேண்டியது அவர் முகம் வெளிறுவது. பத்து நாள் நீ பார்த்துக்கொண்டு கிடந்த சுவரை அவர் ஒரு நாளாவது பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். இது பெரிய குணம் இல்லை என்று எனக்குத் தெரியும். பெரிய குணத்தோடு இருந்து என்ன கண்டோம் நாம்?

உன் மனசு எனக்குத் தெரியும். கோபம் ஆறினதும், வயசானவர், குடும்பம் இருக்கு, விட்டுடலாம்ப்பா என்பாய். பட்டம் வந்தா போதும், சண்டை வேணாம் என்பாய். அந்தப் பட்டம்தான் அவர் பையில் இருக்கிறது, கண்ணு. என்னையும் நீ முழுசாக மன்னித்துவிட்டாய் என்று நான் நினைக்கவில்லை. வெயிலில் உன்னை அலைய விட்டது நான்தான். மன்னிப்பு என்று உன்னிடம் ஏதாவது இருந்தால் அத்தனையும் எனக்கே கொடுத்துவிடு. அவருக்கு ஒரு துளிகூட மிச்சம் வைக்காதே.

தைரியமாக இரு. நூறு வயது நன்றாக இருப்பாய்.

உன் அப்பா,
காசி