தட்டாத ஆப்பு

உம்மை ஏமாற்ற வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை, கொத்தனாரே. பயம் வே, பயம். மாலை போட்ட படத்துக்குள்ளிருந்து முறைக்காமல் முழுதும் கேளும். கையிலிருக்கும் இந்த மர ஆப்பில் கரையான் மண் வாடை அடிக்கிறது.

மணிமுத்தாறுக்கு மேலே, தேயிலைக்கு நடுவே அந்த எஸ்டேட் பங்களா. பட்டை உரிக்காத மரங்களையே தூணாக நட்டு, கூரையைச் செங்குத்தாக ஏற்றி, வாசலில் கும்பிடும் கை போலக் கூரான கல் வளைவு வைத்து எவனோ ஒரு வெள்ளைக்காரன் கட்டினது. "மழைக்குப் பயந்து வீடே கும்பிடுது" என்றேன். நீர் சிரிக்கவில்லை. புயலில் மரம் சாய்ந்து அந்த வளைவு நொறுங்கியதால்தான் நம்மைக் கூப்பிட்டிருந்தார்கள். நீர் கல்லை அடுக்கினீர். அது இறுகும்வரை தாங்க, அடியில் நான் மரச்சட்டம் கொடுத்து, ஆப்பு அடித்து இறுக்கினேன்.

ஆப்பைத் தட்டி எடுத்துச் சட்டத்தைத் தளர்த்தும் நாளில் கட்டினவனே வளைவுக்கு அடியில் நிற்க வேண்டும் என்பது உம் வழக்கம். வெற்றிலையை மென்றபடி நின்றீர்.

"ஆப்பத் தட்டும்வே ஆசாரி. விழுந்தா என் தலதான?"

"ஒம்ம தலைக்கு ஒண்ணும் ஆவாது. கல்லுதான் ஒடையும்."

வாய்தான் பேசியது, கை வரவில்லை. ஆப்பை விட்டுவிட்டுப் பக்கத்துத் தரையைத் தட்டி, "தளந்துட்டுவே" என்றேன்.

"கல்லு கல்லத் தாங்கும். ஒம்ம மரம் எதுக்கு?" என்று துண்டை உதறிப் போனீர்.

சட்டம் அழகாயிருக்கிறது, இருக்கட்டும் என்றார் மேனேஜர். பச்சைப் பெயிண்ட் அடித்துத் தப்பித்தேன். பிறகு வந்தவர்களெல்லாம் என் முட்டுக்கட்டையை வெள்ளைக்காரன் வேலைப்பாடு என்று போட்டோ எடுத்தார்கள். உள்ளுக்குள் சிரிப்பேன். ஐப்பசி மழை இறங்கினால் சிரிப்பு போய்விடும். இப்போது அதற்கடியில் யார் நிற்கிறார்களோ? நீர் கண்ணை மூடும்வரை உம்மிடம் சொல்லவில்லை.

பங்களாவை அளக்க வந்த இஞ்சினியர், சட்டம் உளுத்துவிட்டது, கழற்ற வேண்டும் என்று நேற்று கூப்பிட்டார். எல்லோரையும் முற்றத்துக்கு விரட்டிவிட்டு, நீர் நின்ற இடத்தில் நான் நின்றேன். கண்ணை மூடி ஆப்பைத் தட்டினேன்.

பொலபொலவென்று தலையில் கொட்டியது. செத்தேன் என்று குந்திவிட்டேன். கல் இல்லை, மரத்தூள். கரையான் தின்று, எத்தனை வருஷமோ, பெயிண்ட் மட்டுந்தான் நின்றிருக்கிறது. மேலே உம் வளைவு மயிரிழைகூட அசையவில்லை.

இஞ்சினியர் அண்ணாந்து பார்த்தார். "பாத்தியளா தாத்தா, வெள்ளக்காரன் கட்டுனது. எப்படி நிக்கி!"

ஆப்பை மடியில் செருகிக்கொண்டு எழுந்தேன். "வெள்ளக்காரன் இல்லய்யா. இதக் கட்டுனது எங்க கொத்தனாரு. கல்லுக்கு அடியில தானே வந்து நின்னாரு. நாந்தான் பயந்து… அவரு பேரு…"

அவர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே அடுத்த அறைக்குள் போய்விட்டார்.