குதிரையைக் கழுதை என்று நீ ஏசிய ஏச்சு

மச்சான்,

இன்று காலை கண்ணாடி அலுமாரியைத் திறந்ததும் காறிப்போன தேங்காயெண்ணெய் மணம் மூக்கில் ஏறியது. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் குதிரையில் இருந்துதான் அந்த மணம். மடித்தால் குதிரை, விரித்தால் இரண்டு காலில் நிற்கிற ரோபோ. தொட்டால் உன் முகம் ஞாபகத்துக்கு வரும் என்றுதான் இரண்டு வருடத்துக்கு மேலாக அதைத் தொடவில்லை. இன்று தொட்டேன், வந்தது. என்னைச் சபைக்கு முன்னால் வைத்து விழுந்து விழுந்து சிரித்தாயே, அந்தச் சிரிப்போடுதான் வந்தது.

மவுத்தானவரைப் பற்றி நல்லதையே பேச வேண்டும் என்று எனக்கும் தெரியும். அதை நம் போன் குழுவில் உள்ளவர்கள் எனக்கும் சேர்த்துச் செய்கிறார்கள். "அவர் சொன்னா சொன்னதுதான்" என்கிறான் ஒருவன். "இனி யாருட்டக் கேக்கிற?" என்று அழுகிறான் இன்னொருவன். நீ உயிரோடு இருந்தபோது போனில் உன் குரல் பதிவு வந்தாலே திறக்கப் பயந்த ஆட்கள் இவர்கள். நீர்கொழும்புக்காரனின் சிங்கப் பொம்மையை நீ "ஈரத்துல நனஞ்ச பூனை" என்றதற்கு அவன் ஒரு மாதம் குழுவை விட்டே போயிருந்தான். இப்போது உன் படத்தைப் போட்டுப் பூ வைக்கிறான். வெட்கம் கெட்டவர்கள்.

என்ன பெரிய குழு! மடங்குகிற ரோபோ பொம்மை சேர்க்கிற முப்பது நாற்பது ஆண்பிள்ளைகள், பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. பெட்டியின் ஒட்டுத்தாளைப் பிரித்தவனை ஹராமானதைத் தின்றவன் போல ஒருவன் பார்ப்பான். மூட்டு கொஞ்சம் ஆடினால் இன்னொருவனுக்குத் தூக்கம் வராது. புதிதாகச் சாமான் வாங்கியவன் இரண்டு கோலத்திலும் படம் போட வேண்டும், எல்லாரும் கருத்துச் சொல்ல வேண்டும், கடைசியில் நீ சொல்வாய். அதற்குப் பிறகு யாரும் வாய் திறப்பதில்லை. அந்த வழக்கத்தை யார் கொண்டுவந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான்தான் கொண்டுவந்தேன். போன் திருத்துகிற உன் கைக்கும் கண்ணுக்கும் தப்பி எதுவும் போகாது என்று அன்று அவ்வளவு பெருமை எனக்கு.

நீ ஏன் பொம்மை சேர்த்தாய் என்பதற்கும் இப்போது ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரில் இருந்து வெறுங்கையோடு வள்ளத்தில் ஏற்றப்பட்ட பிள்ளையாம், அந்த ஏக்கமாம். நீ கேட்டிருந்தால் போனைத் தூக்கி எறிந்திருப்பாய். "பிடிச்சிருக்கு, சேக்கிறன். அவ்வளவுதான்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாய். எனக்கும் அவ்வளவுதான்.

அந்தக் குதிரையை நாம் ஞாயிறுச் சந்தையில் கண்டோம். ஜப்பானில் இருந்து வந்த பழைய சாமான் குவியலில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை வைத்தோம். நீ கையை எடுத்துவிட்டு, "எடு எடு, எனக்கு நாலு கால் சாமான் சரிவராது" என்றாய். பொய். வரும் வழியெல்லாம் திருப்பித் திருப்பி வாங்கிப் பார்த்தாய்.

மாம்புரியில் எங்கள் வீட்டுக்குக் கடல் காற்று நேராக வரும். இரும்பு என்று எதையும் விட்டுவைக்காது. குதிரையின் கழுத்துக்குள் இருந்த ஊசி போன்ற கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியது. எங்கள் தோட்டத்துக் கொப்பறாவில் ஆட்டிய எண்ணெய் வீட்டில் எப்போதும் இருக்கும். கதவுக் கீலுக்கு அது, தையல் மெஷினுக்கு அது, உம்மாவின் முழங்காலுக்கும் அதுதான். குதிரைக்கும் இரண்டு சொட்டு விட்டேன். முதலில் வழுக்கிக்கொண்டு ஆடியது. சில மாதத்தில் எண்ணெய் பிசினாகி, தூசு ஏறி, கழுத்து இறுகிவிட்டது. தலைக்குள் மடங்க வேண்டிய இரண்டு தகடும் மடங்காமல் காது போல நீட்டிக்கொண்டு நின்றன. அது அப்படித்தான் போல என்று மனதைச் சமாளித்துக்கொண்டு படம் எடுத்துக் குழுவில் போட்டேன்.

நீ சொன்னது எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "குதிரையெண்டு வித்திருக்கானுகள், பாத்தா கற்பிட்டி ரோட்டுல படுத்துக் கிடக்கிற கழுதை. செஞ்சவன் குதிரையக் கண்ணால கண்டதில்ல. இத ஒருத்தரும் காசு குடுத்து வாங்காதீங்கோ." அதோடு அந்தச் சிரிப்பு. அதற்குப் பிறகு என் பெயரே கழுதைக்காரன் ஆகிப் போனது.

உடனே உனக்கு அழைத்தேன். "ஏன்டா சபைக்கு முன்னால இப்படிச் செஞ்சாய்?" என்றேன். "சாமானத்தத்தானே ஏசினன், உன்னையா ஏசினன்?" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். அதன் பிறகு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் உன் வரிசையில் நிற்கவில்லை. பெருநாளன்று கட்டிப்பிடிக்க நீ கை நீட்டி வந்தபோது செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். நீ கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாய்.

பிறகு ஒரு நாள் உன் போன் கடைக் கதிரையில் இருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய்.

உன்னை அடக்கிய அன்று ஜனாஸாவுக்கு வந்தேன். வராமல் இருக்க நான் மிருகம் இல்லை. தொழுகைக்கு முன்னால் உன் மூத்த மகன் எழுந்து நின்று வழக்கப்படி கேட்டான். "எங்கட வாப்பா யாருட மனசையும் நோகடிச்சிருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சிடுங்கோ." பள்ளிவாசல் நிறைய ஆட்கள், "மன்னிச்சிட்டம்" என்றார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உன்னை மண்ணுக்கு அனுப்புகிற நேரத்தில், ஒரு சாண் நீளமில்லாத பொம்மைக்காக, அந்த ஒரு சொல்லை உனக்குத் தராமல் நின்றேன்.

போன கிழமை நம் குழுவில் இருக்கிற சிலாபத்து வங்கிக்காரர் அதே குதிரையை வாங்கிப் படம் போட்டார். இரண்டு தகடும் தலைக்குள் போய், சின்னக் காதும் நீண்ட கழுத்துமாக அசல் குதிரை. "நல்ல சாமான்தானே, ஏன் அவர் அப்படி ஏசினவர்?" என்று கீழே இன்னொருவன் கேட்டான். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லவா? "மையத்தாகிப் போனவர் சொன்னதெல்லாம் வேதமில்லை" என்று எழுதினேன். குழுவே என் மேல் பாய்ந்தது. பாயட்டும் என்றிருந்தேன்.

வங்கிக்காரர் மட்டும் பாயவில்லை. நேற்று எனக்குத் தனியாக ஒரு பழைய குரல் பதிவை அனுப்பினார். நீ ஏசிய அதே நாளில் அவருக்கு அனுப்பியது.

"தம்பி, அந்தக் குதிரையில ஒரு பிழையும் இல்ல. அவன் கழுத்துப் பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் உட்டிருக்கான். மூட்டச் சுத்தி மஞ்சளா மினுங்குது பாருங்கோ. குரூப்புல சொல்லிராதீங்கோ, ஆயுசுக்கும் வெச்சுச் சிரிப்பானுகள். அதுதான் நான் முந்திச் சாமானத்த ஏசிட்டன். அவன் கோவிப்பான். ரெண்டு நாள்ல வந்திருவான்."

பாவி. என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? வீட்டுக்கு வந்து, "மடையா, எண்ணெய் விட்டு நாசமாக்கிட்டாய்" என்று ஒரு வரி? கேவலத்தை மறைக்கிறேன் என்று அதைவிடப் பெரிய கேவலத்தைத் தந்துவிட்டுப் போய்விட்டாய். ஆனால் நீ போனில் சொல்லத்தான் தொடங்கினாய். வைத்தது நான். நான் வர மாட்டேன் என்று உனக்கு ஏன்டா தோன்றவே இல்லை?

எண்ணெய் விட்டது நான்தான் என்று இன்று காலை குழுவில் எழுதிவிட்டேன். நீ சொன்னபடியே சிரிக்கிறார்கள். பிறகு உன் கடைக்குப் போனேன். உன் மகன்தான் இப்போது அங்கே இருக்கிறான்.

"மகன், அண்டைக்குப் பள்ளியில நீங்க கேட்டபோது நான் வாய் துறக்கல்ல" என்றேன்.

"ஓம், தெரியும் மாமா" என்றான். "எல்லாரும் சொன்னபோது நான் உங்கட வாயத்தான் பாத்துக்கொண்டு நின்டன்."

"மன்னிச்சிட்டன்" என்ற அந்தச் சொல்லை அங்கே நின்று சொல்லிவிட்டேன். அவன் தலையாட்டினான். பிறகு, "உங்கட வாப்பாட்ட நான் கேக்க வேண்டிய மன்னிப்ப யாருட்டப் போய்க் கேக்கிற?" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். கழற்றி வைத்திருந்த போனைத் திரும்பப் பூட்டத் தொடங்கினான்.

உன் மேல் இருந்த கோபத்தை இத்தனை நாளும் சுமந்தேன். அது எனக்குக் கனக்கவே இல்லை. இது கனக்கிறது மச்சான்.