கொழுப்பில்லாத விரால்

நாள் 1, 08:10
செவ்வாய்க் கிரகச் சுரங்க மீன் ஆய்வகம். எழுதுவது பொற்கொடி. தொட்டியில் விரால் 340. நூறு கிராம் சதையில் புரதம் 19 கிராம், கொழுப்பு 0.4. ஐந்து தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்து இந்த அளவுக்குக் குறைத்திருக்கிறேன். பெருமைப்படக் கூச்சமில்லை. குஞ்சுகளோடு கெளுத்தி ஒன்று தவறி வந்திருந்தது. கொழுத்த இனம், என் கணக்கைக் கெடுக்கும். தண்ணீர் தேங்கிய கழிவுக்குழியில் உயிரோடு போட்டேன்.

நாள் 12, 14:30
சுரங்கம் சரிந்து கதவு அடைபட்டுவிட்டது. அரிசி, எண்ணெய் எல்லாம் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நானும் மீனும். மீட்புக் கலம் வருவது நாள் 96. மீன் தாராளமாகப் போதும். பயமில்லை.

நாள் 34, 19:00
தினமும் நான்கு மீன் தின்கிறேன். வயிறு நிறைகிறது, பசி போகவில்லை. குமட்டல், பேதி. கொழுப்பில்லாமல் வெறும் புரதத்தை உடம்பு தாங்காது என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவளே நான்தான்.

நாள் 41, 10:15
பூமிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இருதயராஜ் சார்: "பொற்கொடி, தலையும் ஈரலும் எங்கம்மா போடுறீங்க? கொஞ்சநஞ்சம் கொழுப்பு இருக்கிறதே அதுலதான்."
எங்கள் வீட்டில் தலை, குடல், ஈரல் எல்லாம் வழித்தெறிந்து, வாடை போகும்வரை உப்புப் போட்டுக் கழுவினால்தான் அது மீன். இங்கேயும் இருபத்தொன்பது நாள் அப்படியே செய்து, எல்லாவற்றையும் குழியில் தள்ளியிருக்கிறேன். உட்கார்ந்து அழுதேன். இனி ஈரலோடு தின்பேன். ஆனால் நான் வளர்த்த விரால் ஆயிற்றே, ஈரலிலும் ஒன்றுமில்லை.

நாள் 79, 07:40
கைகால் வீங்கிவிட்டன. தொட்டி நிறைய மீன், நடுவில் நான் பட்டினி. எதேச்சையாகக் குழியில் உயிரோடிருப்பதை எண்ணி எடைபோடும் கருவியைப் பார்த்தேன். மீன்: ஒன்று. 2.1 கிலோ. கெளுத்தி! நான் எறிந்த ஈரலெல்லாம் அதன் உடம்பில்தான் இருக்கிறது. வெகுநாள் கழித்துச் சிரித்தேன். குழியின் வாய் சிறியது. சோப்புத் தடவினால் கை நுழையும்.

நாள் 81, 09:20. குரல் பதிவு
தோள்வரை நுழைந்துவிட்டது. பிடித்துவிட்டேன். வழவழவென்று, எவ்வளவு கொழுப்பு! கை வெளியே வரவில்லை. மீனை விட்டால் வரும். விட மாட்டேன்.

11:45
விட்டுவிட்டேன். அப்படியும் வரவில்லை. வீக்கம்.

17:05
விரல் நுனியில் ஏதோ தொடுகிறது. வலியில்லை. நானும் முள்ளைத் தவிர எதையும் போடவில்லையே, நாற்பது நாளாக. அதற்கும் பசி

நாள் 96, 06:30. தானியங்கிப் பதிவு
வெளிக்கதவு திறக்கப்பட்டது. தொட்டியில் விரால்: 58. கழிவுக்குழியில் மீன்: ஒன்று. 3.4 கிலோ.