ஷிப்ட் கேட்கக் கூடாது

அக்டோபர் 6, திங்கள்

கடைக்கு வாடிக்கையாக வரும் கலா வீட்டில் திருட்டு. சனிக்கிழமை ராத்திரி. வீட்டுக்காரர் மைன்ஸில் நைட் ஷிப்ட், கலா பிள்ளைகளோடு பண்ருட்டியில் அம்மா வீட்டில். குவார்ட்டர்ஸ் பின்கதவை உடைத்திருக்கிறார்கள். பதினோரு பவுன். யாருக்கும் அடியில்லை.

காலையிலிருந்து ஒரே புழுக்கம். பதினோரு மணிக்குக் கலாவே கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "உங்க கடையில துணி போட்டுப் பாக்கும்போதுதான் சொன்னேன். வேற எங்கயும் வாயத் தொறக்கல. உங்க கடைப் பொண்ணுங்களுக்கு எதுக்கு இந்தக் கேள்வியெல்லாம்?" தீபாவளிக் கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"கண்டிக்கிறேன் கலா" என்றேன்.

கேட்டது நான். இங்கே மட்டும்தான் எழுத முடியும். போன வாரம் அவள் டிரையல் ரூம் திரைக்குள். அங்கே ஃபேன் கடகட. நான் கல்லாவிலிருந்து கத்தினேன்: "வீட்டுக்காரருக்கு என்ன ஷிப்ட்?" இந்த ஊரில் அதுதானே நலம் விசாரிப்பு. "நைட்டு" என்று உள்ளிருந்து அவளும் கத்தினாள். "அப்ப நீ தனியாவா?" "இல்ல, பண்ருட்டி போறேன்." துண்டு கேட்டு ரெண்டு பேர் நின்றார்கள். ஒருவன் நீலச் சட்டை. கலா கிளம்பியதும் துண்டு வாங்காமலே அவள் பின்னாலேயே போனார்கள்.

கலாவுக்குத் துணி எடுத்துக் கொடுத்தது கடைப் பெண் சுதா. அதனால் குரலும் சுதாவுடையது என்று நினைத்துவிட்டாள். சுதா என்னைப் பார்த்தாள். அடுத்த கஸ்டமருக்குப் புடவை பிரித்துப் போட்டாள்.

7, செவ்வாய்

அட்டையில் எழுதி ஒட்டியாச்சு.

விலை, அளவு, கலர், சாயம் போகுமா. இதைத் தவிர கஸ்டமரிடம் பேசக் கூடாது.
ஷிப்ட், பிளாக், ஊருக்குப் போவது, பிள்ளை குட்டி எதுவும் கேட்கக் கூடாது. அவங்களாகச் சொன்னால் "சரிங்க".
மீறினால் அன்றே வேலை இல்லை.

யார் எழுதுவது பார். புடவை மூட்டையைத் தலையில் வைத்துப் பிளாக் பிளாக்காக அலைந்தவள் நான். எந்த வீட்டில் எந்த ஷிப்ட் என்று மனப்பாடம். நைட் முடித்துத் தூங்குகிற வீட்டுக் கதவைத் தட்டினால் மறுபடி தெருவுக்குள் நுழைய முடியாது. கேட்டுக் கேட்டுத்தான் இந்தக் கடை வந்தது.

மதியம் ரிடையர்டு நர்ஸ் அம்மா வந்தார்.
"நல்லாருக்கியாடி?"
சுதா, "எம் சைஸ் இருக்குங்க."
"நல்லாருக்கியான்னு கேட்டேன்."
"எம் சைஸ் இருக்குங்க."
"உங்க ஓனரம்மா வாயில ஊசி போட்டுட்டாளா?"
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

நாலு மணி. எஸ்.ஐ. வந்தார். கலாவுக்குத் துணி காட்டின பெண்ணின் பேர், ஊர், வீட்டுக்காரன் என்ன வேலை, எல்லாம் கேட்டார். சுதா, வளையமாதேவி, புருஷன் காண்ட்ராக்ட் கூலி, மூணு மாசமாக வேலை இல்லை. சொன்னேன். கேமரா? "எலி ஒயரக் கடிச்சிடுச்சு சார்." தலைக்கு மேலே கேமராவில் பச்சை லைட் எரிந்துகொண்டிருந்தது. அவர் நிமிரவில்லை. நிமிர்ந்தாரோ?

அந்தக் கேமராவில் குரலும் பதிவாகும். அதற்கென்றே கூடக் கொடுத்து வாங்கினேன். என் புத்தி.

8, புதன்

சுதா ஒன்பதுக்கு வரவில்லை. பத்தரைக்கு வந்தாள், தலை சீவாமல்.

"எங்க வூட்டுக்காரர ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போயிட்டாங்க அக்கா. காலையில சாப்புட்டுக்கினு இருந்தாரு. கைய கழுவக்கூட வுடல." அப்புறம், "ஷிப்ட் நானா கேட்டேன்?"

"கடையில பேசக் கூடாதுன்னு ஒட்டியிருக்கேன்ல" என்றேன். இப்படியும் ஒரு வாய்.

"நீங்க கஸ்டமர் இல்லியே அக்கா."

போய்ப் புடவை மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மூணு மணிக்கு வாசலில் ஒரு நீலச் சட்டை நின்றது. கையிலிருந்த டீ மடியில் கொட்டிவிட்டது. ஸ்கூல் யூனிஃபார்ம் விலை கேட்க வந்தவர். பாவம்.

எதற்குப் பயம்? கலா வீட்டுக்காரர் டவுன்ஷிப் ஆபீஸில் ஒரு மனு கொடுத்தால் கடை அலாட்மென்ட் போய்விடும். அந்த ரெண்டு பேர் என் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். போலீஸிடம் பொய் சொல்லியாச்சு. எல்லாவற்றுக்கும் மேலே சுதாவின் வாய். அது திறக்காமலே இருக்கிறதே, அதுதான்.

9, வியாழன்

மழை. கூட்டம் இல்லை. ரெக்கார்டிங் போட்டுப் பார்த்தேன். நீலச் சட்டை முகம் தெளிவு. என் குரல் அதைவிடத் தெளிவு. நான் பேசும்போது அவன் மற்றவனைப் பார்க்கிறான். அந்தப் பார்வை.

அழிக்கவா என்று மெஷின் கேட்டது. விரல் அதன் மேலேயே கொஞ்ச நேரம்.

நல்ல மனசு ஒன்றும் இல்லை. சுதா புருஷனை இன்னும் விடவில்லை. அடி விழுந்தால் ஒருநாள் அவள் சொல்லத்தான் செய்வாள். அதோடு, முகத்தை அழித்தால் அவன்கள் வெளியிலேயே இருப்பான்கள். நானும் இந்த ஊரில்தான் தூங்க வேண்டும். "இல்லை" பட்டனை அமுக்கினேன்.

10, வெள்ளி

விடிந்ததும் ரெக்கார்டரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன். வாசலில் சுதா. உள்ளே வரவில்லை.

எஸ்.ஐ.: "என்னம்மா, எலி வயித்துல இருந்து எடுத்தியா?"

ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டினேன். எல்லாம் சொன்னேன். நீலச் சட்டை முகத்தைப் பார்த்ததும் ஏட்டு, "இவன சிதம்பரத்துல பாத்திருக்கேன் சார்" என்றார். என்னை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பொய் சொன்னதற்குத் தனியாகக் கூப்பிடுவார்களாம். பன்னிரண்டு மணிக்கு அவள் புருஷனை விட்டார்கள். என்னைப் பார்க்காமலே வெளியே போனார்.

வாசலில் சுதாவிடம், "நாளைக்கு வருவியா?" என்றேன்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் யோசித்தாள். பிறகு அவள் சொன்னதும் நான் ஒப்புக்கொண்டதும்: அட்டையைக் கிழிக்க வேண்டும். ஷிப்ட் யாரும் கேட்பதில்லை, முக்கியமாக நான். கலாவைக் கடைக்குக் கூப்பிட்டு, கூட்டம் இருக்கும்போது, கல்லாவிலிருந்தே, அன்றைக்குக் கேட்ட அதே சத்தத்தில், கேட்டது நான்தான் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பதில் அவள் தீபாவளி வரைக்கும் வருவாள். அப்புறம் அவள் இஷ்டம்.